வாசலில் நிற்பவன்

கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதப்படுகிற உரைநடை, கவிதையைப் பற்றி நாம் எழுதிக்கொண்டிருக்கிற உரைநடையைவிடத் துல்லியமானது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எடை, பிடி, விசையின் இழுப்பு, நாள் முழுக்க இடுப்பில் இருந்தால் உடம்பு அதை மறக்குமா மறக்காதா என்பது, எல்லாம் அனுபவத்தில் சோதிக்கப்பட்டு, கூடுதலாக ஒரு சொல் இல்லாமல், எதிர்த்தரப்பின் வாதத்தையும் மதித்துக்கொண்டு மேலே போகிறது. 'தரிசனம்', 'ஆன்ம விகாசம்' போன்ற, எந்தப் பாரத்தையும் தாங்காத சொற்கள் அங்கே செலாவணி ஆவதில்லை. தவறான சொல்லுக்கு அங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த உரைநடைக்கு நான் வாசகனானது என் அத்தானால். அக்காளும் அவரும் டெக்ஸாஸில் டல்லஸ் பக்கம் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போகிற சபையில் பாதுகாப்புக்கென்று ஒரு தொண்டர் குழு அமைத்திருக்கிறார்கள். சம்பளம் இல்லை, சீருடை இல்லை. ஏழெட்டுப் பேர், ஆராதனை நேரத்தில் கோட்டுக்குள் துப்பாக்கியோடு கடைசி வரிசையிலும் பக்கவாட்டிலும் உட்கார்ந்திருப்பார்கள். அத்தான் அதில் சேர்ந்துவிட்டார். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று அவர் யோசிப்பதெல்லாம் எனக்குக் கடிதமாக வருகிறது. எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அக்காளிடம் பேச முடியாததை என்னிடம் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அக்காள் தனியாக ஒரு வரி எழுதினாள்: "அத்தான் கோயிலுக்குத் துப்பாக்கி எடுத்துட்டுப் போறாராம், நீ எழுது." எதை எழுது என்று சொல்லவில்லை.

அவர் முதலில் பார்த்தது ஒரு ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியின் சின்ன உருப்படி, 5 குண்டு. சிக்கிக்கொள்ள எதுவுமில்லை, எடுத்தால் சுடும். ஆனால் குழல் குட்டை. கைக்கெட்டும் தூரத்துக்கு உகந்த ஆயுதம் அது. சபை மண்டபமோ நீளம், கடைசி வரிசையிலிருந்து பீடம் வரை 25 கஜம் வரும். அடுத்தது 1988இல் வந்த க்ளாக் 19. ஆஸ்திரியத் தயாரிப்பு, பாலிமர் உடம்பு, 9 மில்லிமீட்டர், 15 குண்டு. பிறகு 2018இல் வந்த சிக் ஸாவர் பி365. இன்னும் சின்னது, 10 குண்டு, கோட்டுக்குள் இருப்பதே தெரியாது. ஆனால் சின்னத் துப்பாக்கி கையில் துள்ளும், தூரத்துக் குறிக்கு மிகுந்த பழக்கம் வேண்டும். மறைவா, துல்லியமா? உட்கார்ந்த நிலையில் எப்படி உருவுவது? பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருப்பவர் இருந்தால்? இப்படி மூன்று கடிதங்கள்.

நான்காவது கடிதம் குண்டைப் பற்றியது. முழுக்க உறை போட்ட குண்டு ஆளைத் துளைத்துப் பின்வரிசைக்கும் போய்விடும். நுனியில் குழி உள்ள குண்டு உடம்பில் பட்டதும் விரிந்து, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஆலயத்துக்கு விரியும் குண்டுதான் கருணையானது என்று எழுதியிருந்தார். கருணை என்பது அவர் போட்ட சொல். இந்தக் குண்டின் பூர்வீகம் நம் நாடு. 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில், எல்லைப்புறத்து மலைவாசிகள் பட்ட குண்டோடு ஓடி வருகிறார்கள் என்பதற்காகச் செய்யப்பட்டது. ஊர்ப்பெயரே குண்டின் பெயராயிற்று. 1899இல் ஹேக் மாநாட்டில் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பல அரசுகள் ஒப்புக்கொண்டன. எதிரிச் சிப்பாய் மேல் சுடக் கூடாதென்று விலக்கப்பட்ட குண்டின் வாரிசு, பக்கத்து இருக்கைக்காரர் உயிரை உத்தேசித்து ஆலயத்துக்குள் வருகிறது. அத்தானின் தர்க்கத்தில் பிழை ஏதும் இல்லை. பிழையில்லாத தர்க்கம் எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகும் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவருடைய பயத்தைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பர்களின் ஆலயமொன்றில் வேதபாட வகுப்பில் வந்து உட்கார்ந்த வெள்ளை வாலிபன் 9 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனை அவர்கள் வரவேற்று உட்கார வைத்திருந்தார்கள். 2017 நவம்பர் 5 அன்று டெக்ஸாஸில் ஸதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் பாப்டிஸ்ட் ஆலயத்தில் 26 உயிர்கள் போயின. 2019 டிசம்பர் 29 அன்று, அதே டெக்ஸாஸில் ஒயிட் செட்டில்மெண்ட் என்ற ஊரின் ஆலயத்தில் திருவிருந்து பரிமாறப்படும் சமயம், ஒட்டுத் தாடியும் பொய்முடியுமாக வந்திருந்த ஒருவன் எழுந்து நீளத் துப்பாக்கியால் இருவரைச் சுட்டான். பாதுகாப்புத் தொண்டர் குழுவுக்குத் தலைவரான ஜாக் வில்ஸன், வயது 71, ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். எல்லாம் ஆறு விநாடிக்குள். அந்த வருஷம் செப்டம்பரில்தான், ஆலயம் தடுத்தாலொழிய லைசென்ஸ்காரர் துப்பாக்கியோடு உள்ளே வரலாம் என்று டெக்ஸாஸ் சட்டம் தெளிவாக்கப்பட்டிருந்தது.

இந்த ஆறு விநாடியை இரண்டு கட்சிக்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம். வில்ஸனிடம் துப்பாக்கி இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பேர் என்று ஒருவர் கேட்கலாம். அதற்குப் பதில் கிடையாது. செத்த இருவரில் ஒருவர் அதே குழுவைச் சேர்ந்தவர், தன் துப்பாக்கியை எடுக்க முயன்ற நிலையில் சுடப்பட்டவர் என்று மற்றவர் சொல்லலாம்; அதற்கும் பதில் கிடையாது. வில்ஸன் வருஷக்கணக்காகச் சுட்டுப் பழகியவர், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். ஆகவே, ஒரு வில்ஸன் இருந்தார் என்பதிலிருந்து எல்லாத் தொண்டர்களும் வில்ஸன்கள் என்ற முடிவுக்கு வர முடியாது.

அத்தானுடைய கடிதங்களில் எல்லாம் இருக்கிறது. ஒரே ஓர் ஆள் மட்டும் இல்லை. சுடப்படப் போகிறவன். அவன் 'ஆபத்து' என்ற சொல்லாக வந்துவிட்டுப் போகிறான். துப்பாக்கிக்கு அவுன்ஸ் கணக்கில் எடை இருக்கிறது. அவனுக்கு வயது இல்லை, நடை இல்லை, முகம் இல்லை. நம் உருவவாத விமர்சனத்துக்கும் இதே வியாதி உண்டு. படிமத்தின் செறிவு, வரியின் இறுக்கம் என்று எழுதிக்கொண்டே போவோம். இந்தக் கவிதை யாரை நோக்கி நீட்டப்பட்டிருக்கிறது என்று கேட்க மாட்டோம். கேட்டவனுக்குக் கட்சிக்காரன் என்று பெயர். அளவுகளை நான் இழித்துச் சொல்லவில்லை. அளக்க முடிந்ததையெல்லாம் இவ்வளவு நன்றாகப் பேசிவிட்டால், அளக்க முடியாத ஒன்று பேசப்படாமல் கிடப்பது தெரியாமலே போய்விடுகிறது. அதுதான் என் புகார்.

அத்தான் லூக்காவைத் துணைக்கு அழைப்பார் என்று எதிர்பார்த்தேன், அழைத்தார். கடைசி இராத்திரியில் இயேசு, வாள் இல்லாதவன் மேலாடையை விற்றாவது வாங்கட்டும் என்கிறார். சீஷர்கள் இரண்டு வாள் இருப்பதாகச் சொல்ல, போதும் என்கிறார். பன்னிரண்டு பேரில் ஒருவன் காட்டிக்கொடுக்கப் போய்விட்ட பிறகு மிஞ்சிய பதினோரு பேருக்கு இரண்டு வாள் எதற்குப் போதும் என்று அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். யோவான் தருகிற தகவல் இன்னும் முக்கியம். கெத்செமனேயில் பேதுரு வாளை உருவி வீசியபோது யூதாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, படைத்தலைவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் மல்குஸின் காது போயிற்று. நியாயமான காரணத்துக்காக உருவிய வாளும் முதலில் கண்டுபிடிப்பது வேலைக்காரனைத்தான்.

அத்தான் இங்கே, மதுரையில் இருந்திருந்தால் இந்தத் தேர்வே அவர்முன் வந்திருக்காது. 9 மில்லிமீட்டர் இந்தியாவில் சாதாரணக் குடிமகனுக்கு விலக்கப்பட்ட ரகம். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ லைசென்ஸ் தந்தால் .32 வாங்கலாம்; கான்பூர்த் தொழிற்சாலை 2014இல் பெண்களை உத்தேசித்து 'நிர்பீக்' என்ற பெயரில் அரைக்கிலோ எடையில் ஒரு ரிவால்வர் செய்தது, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். ஆனால் எதை வாங்கினாலும் ஆலயத்துக்குள் கொண்டுபோக முடியாது. பொற்கோயிலில் 1984 ஜூனிலும் 1988 மேயிலும் நடந்தவற்றுக்குப் பின், 1988இல் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. கோயிலோ மசூதியோ மாதாகோயிலோ, எந்த மத நிறுவனத்தின் நிர்வாகியும் ஆயுதத்தை அங்கே சேமிக்கக் கூடாது, ஆயுதத்தோடு வருகிறவனை உள்ளே விடவும் கூடாது. இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று சீக்கியரின் கிர்ப்பான். இன்னொன்று, வழக்கப்படி சடங்கில் இடம்பெறும் ஆயுதம்.

இந்த இரண்டாவது விலக்கில்தான் மதுரை முழுக்க அடங்கியிருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் டில்லியில் உட்கார்ந்து எதை நினைத்து எழுதினார்களோ, எனக்கு அது கருப்பசாமியின் அரிவாளுக்காகவும் அழகரின் வளரிக்காகவும் எழுதப்பட்டதாகவே தோன்றுகிறது. சித்திரையில் அழகர் மலையை விட்டுக் கிளம்புவது கள்ளர் வேஷத்தில். கொண்டை போட்டு, கையில் வளைதடி ஏந்தி, அந்தச் சீமையின் காவல்காரனாக வருகிறார். தல்லாகுளம் வந்ததும் வேஷத்தைக் களைந்துவிட்டு, ஆண்டாள் மாலையைச் சூடிக் குதிரை ஏறித்தான் வைகையில் இறங்குகிறார். அவர் விட்டுவந்த மலைக்கோயில் வாசலைக் காப்பது பதினெட்டாம்படிக் கருப்பன். அங்கே சிலை இல்லை, சாத்திய கதவுதான் சாமி. சந்தனம் பூசுவதும் கதவுக்கே. சுற்றுவட்டாரத்தில் வழக்குத் தீராவிட்டால் அந்தக் கதவு முன்னால் சத்தியம் செய்வார்கள். காவலையும் சத்தியத்தையும் ஒரே கதவில் வைத்த மனம் எப்படிப்பட்டது என்பது யோசிக்கத் தக்கது.

காவல் என்பது இங்கே ஒரு ஸ்தாபனமாக இருந்தது. மதுரைக்கு மேற்கே கிராமம் கிராமமாகக் கள்ளர்கள் காவல் உரிமை வைத்திருந்தார்கள். விளைச்சலில் பங்கு கூலி. கூலி வாங்கிய ஊரில் மாடோ நெல்லோ களவு போனால் காவல்காரன் மீட்டுத் தர வேண்டும், அல்லது ஈடு கட்ட வேண்டும். ஆயுதம் தாங்குகிறவனுக்கு விதிக்கப்பட்ட இந்த நிபந்தனையைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அதை லட்சியமாக்கிக் காட்டவும் மனசில்லை. மாட்டைப் பிடித்தவனுக்கும் மாட்டுக்காரனுக்கும் நடுவே ஓர் ஆள் நின்று பேசி, துப்புக்கூலி வாங்கிக்கொண்டு மாட்டைத் திருப்பிவிடும் வழக்கமும் இருந்தது. காவலும் களவும் ஒரே கையில் இருப்பதாகக் குடியானவர்கள் குமுறினார்கள். 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோன் என்பவர் முன்நிற்க, ஊர்கள் 'பண்டு' என்று பணம் சேர்த்துச் சொந்தக் காவல் போட்டுக்கொண்டு கள்ளர் காவலை வெளியேற்றின. 1906இல் வந்த மதுரை கெஜட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் இதை எழுதியிருக்கிறார். நம் பிரதேசத்தின் தொண்டர் பாதுகாப்புக் குழு என்று அதைச் சொல்லலாம். காவலுக்கென்று ஆரம்பித்த அது, கலகத்திலும் வீடுகள் எரிவதிலும் போய் நின்றது. ஆள் மாறினால் பயம் தீரும் என்று எதிர்பார்த்தவர்கள், பயமும் ஆளோடு சேர்ந்து மாறியதைக் கண்டார்கள்.

பிறகு அரசாங்கம் எல்லாக் காவலையும் தானே எடுத்துக்கொண்டது. பாளையக்காரர் போர் முடிந்த 1801இலேயே ஆயுதங்கள் பறிக்கப்பட்டுவிட்டன. 1871இல் வடக்கே பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பழைய காவல்காரர்கள் மொத்தமாகக் குற்றவாளிகளின் பட்டியலில் ஏறினார்கள். கைரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். ஆளைப் பார்க்காமல் பெயரை வைத்தே யார் ஆபத்து என்று எழுதிவைத்துவிட்ட சட்டம், சென்னை மாகாணத்தில் 1947 வரை உயிரோடு இருந்தது.

இதையெல்லாம் அத்தானுக்கு எழுதினேன். எந்தத் துப்பாக்கி என்பதில் எனக்கு அபிப்ராயம் இல்லை, வாங்காதீர்கள் என்று சொல்லும் தகுதியும் மதுரையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இல்லை என்று எழுதிவிட்டு, இரண்டு கேள்விகள் கேட்டேன். வாசலில் யாரைச் சந்தேகிப்பது என்று உங்கள் குழு எப்போதாவது பேசியிருக்கிறதா? தப்பான ஆள் சுடப்பட்டால் ஈடு கட்டுகிறவர் யார்? நான் வேலை பார்ப்பது வங்கியில். எங்கள் கிளையில் முன்னாள் ராணுவத்தார் ஒருவர் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நின்றிருந்த காலத்தில், தோட்டா ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருந்தது. இப்போது பல கிளைகளில் அவரும் இல்லை, காமிராதான். எதற்கும் கணக்குக் கேட்கும் புத்தி அந்தத் தொழிலில் வந்தது.

அத்தான் இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் எழுதினார். "அதுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு மாப்பிள்ளை." வக்கீல் செலவு, நஷ்ட ஈடு எல்லாம் கவனித்துக்கொள்ள மாதத் தவணையில் பாலிசி கிடைக்கிறதாம். முதல் கேள்விக்குப் பதில் இல்லை. அக்காள்தான் அதற்குப் பதில் சொன்னாள், வேறு பக்கத்திலிருந்து. சுடுகிறவன் விழுந்த பிறகு போலீஸ் உள்ளே வரும். அப்போது கையில் துப்பாக்கியோடு நிற்கிற மாநிறத்து ஆளை அவர்கள் யார் என்று நினைப்பார்கள்? அத்தான் துல்லியமாக அளந்த அத்தனையிலும் அவருடைய தோலின் நிறம் சேரவில்லை. தொண்டர்களுக்கு அடையாளப் பட்டை தரப் போகிறார்கள் என்று அவர் சொன்னாராம். அக்காள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நின்று புதிதாக வருகிறவர்களிடம் பெயர் கேட்டு உள்ளே அழைத்துப் போகும் வேலைக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். அத்தான் க்ளாக் 19 வாங்கிவிட்டார்.

அக்காள் எடுத்துக்கொண்ட வேலையில் உள்ள ஆபத்து என்ன என்று நமக்குத் தமிழிலேயே தெரியும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் ஆலய வாசலில், முதுகில் பையோடு வந்த அந்நியனிடம் சபையைச் சேர்ந்த ஒருவர் போய்ப் பேசினார். படம் பிடிக்க வந்ததாக அவன் சொன்னான். அதற்கு அனுமதி வேண்டும் என்று இவர் அவனை உள்ளே விடாமல் நிறுத்தினார். பை வெடித்தது. அவர் செத்தார், முற்றத்தில் இருந்தவர்கள் செத்தார்கள், ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே வந்திருந்த குழந்தைகள் பலர் செத்தார்கள். உள்ளே நிறைந்திருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். அவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? பை சுமந்து வந்து பதில் சொல்கிற ஒருவனைச் சுட்டிருப்பாரா? சுட்டு, அந்தப் பையில் காமிராவே இருந்திருந்தால்? அவரிடம் இருந்தது ஒரு கேள்வி மட்டும். அதை எல்லோரிடமும் கேட்கிற மரியாதையோடுதான் அவனிடமும் கேட்டிருக்க வேண்டும்.

அதே காலை கொழும்பில் கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலிலும் குண்டு வெடித்தது. அந்தோணியார் கோயில்களைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பிலும் சரி, இங்கும் சரி, செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் அல்ல. அந்த ஈஸ்டருக்குப் பிறகு சில மாதங்கள் எங்கள் பங்குக் கோயிலிலும் வாசலில் மேஜை போட்டுத் தொண்டர்கள் பைகளைச் சோதித்தார்கள். ஞாயிறு காலை அது ஒழுங்காக நடந்தது. வருகிறவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், தெரிந்தவர் பையைத் திறந்து பார்ப்பதில் இரண்டு பக்கமும் சிரிப்புத்தான். செவ்வாய்க்கிழமைதான் தொல்லை. உசிலம்பட்டி பஸ்ஸிலும் திருமங்கலம் பஸ்ஸிலும் வந்து இறங்குகிறவர்கள். மூட்டையில் உப்பு, மிளகு, மெழுகுவர்த்தி. காணாமல் போன மகன், வராத கடன், தீராத தலைவலி. யாரையும் யாருக்கும் தெரியாது. தொண்டர்களில் ஒரு பையன் பங்குச் சாமியாரிடம் போய், யாரை நிறுத்தட்டும் என்று கேட்டான். எல்லோரையும் நிறுத்தினால் திருப்பலி தொடங்காது, ஒருவரையும் நிறுத்தாவிட்டால் மேஜை எதற்கு என்றான். சாமியார் கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருத்தரையும் எந்த ஊர் என்று மட்டும் கேள், பதில் சொல்லும்போது முகத்தைப் பார் என்றார். அன்றைக்குப் பூசை அரைமணி நேரம் தாமதம்.